"இன்னும் எத்தனை வருஷம்மா"ன்னு கேட்டாங்க, நான் சொன்ன பதிலுக்கு சிரிச்சுட்டாங்க: கறுப்பின பேஷண்ட்ஸோட மெனோபாஸ் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

டெட்ராய்ட்_நர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் போஸ்ட், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க. நான் மதுரைல நர்ஸிங் முடிச்சு கொஞ்ச வருஷம் சவுதி, அப்புறம் டெட்ராய்ட் வந்து ரெண்டு வருஷம் ஆகுது, ஒரு சின்ன கிளினிக்ல இருக்கேன், பேர் வேண்டாம். வர்றவங்கள்ல முக்காவாசி ஆப்ரிக்கன் அமெரிக்கன், அதுலயும் அம்பது வயச ஒட்டின லேடீஸ்தான் ஜாஸ்தி, பிபி சுகர்னு வருவாங்க.

போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சிலத மாத்தி எழுதறேன்). அம்பதைத் தாண்டினவங்க, பீரியட்ஸ் நின்னு மூணு வருஷம் ஆச்சு. பிபி பாக்க கையில பட்டைய சுத்திட்டு இருக்கேன், திடீர்னு "ஒரு நிமிஷம் பேபி"ன்னு சொல்லி கைப்பைலருந்து ஒரு விசிறி எடுத்தாங்க, அட்டை விசிறி, ஐஸ்கிரீம் குச்சி மாதிரி தட்டையா மரக்கைப்பிடி, ஒரு பக்கம் மார்ட்டின் லூதர் கிங் படம், மறுபக்கம் ஏதோ இறுதிச்சடங்கு நடத்தற கம்பெனியோட விளம்பரம். நெத்தில பொட்டுப்பொட்டா வேர்த்து கழுத்து வழியா இறங்குது, வெளியில பனி கொட்டுது, நான் ஸ்வெட்டர் போட்டுட்டு நிக்கறேன். விசிறி பத்தலன்னு அவங்க விக்கை கழட்டி மடில வெச்சுக்கிட்டாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியாம ஒரு பேப்பர் டவல நனைச்சு குடுத்தேன்.

அடங்கினதும் "இது இன்னும் எத்தனை வருஷம்மா இருக்கும்"னு கேட்டாங்க. நான் படிச்ச ஞாபகத்துல "ரெண்டு மூணு வருஷத்துல சரியாயிரும்"னேன். சிரிச்சாங்க பாருங்க, "எனக்கு இது ஏழாவது வருஷம், எங்கம்மாவுக்கு பன்னெண்டு"ன்னாங்க. அதோட விட்டிருக்கலாம், நான் நம்ம ஊர் நெனப்புல "எல்லா பொம்பளைக்கும் வர்றதுதானே, கொஞ்சம் பொறுத்துக்கணும்"னு ஆறுதலாத்தான் சொன்னேன், முகம் அப்படியே மாறிடுச்சு. சிரிப்பு போயி ஒரு மரியாதையான முகம் வந்துச்சு, கதவ சாத்திட்ட மாதிரி. அப்புறம் கேட்டதுக்கெல்லாம் ஆமா, இல்ல, அவ்ளோதான்.

பிபி 158/96. உள்ள வந்த டாக்டர் ஏழெட்டு நிமிஷம் இருந்தார், ஹார்மோன் மருந்து வேணுமான்னு கேட்டார், "எங்கம்மாவ என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியும்"னு சொன்னாங்க. என்னன்னு அவர் கேக்கல, நானும் கேக்கல. நோட்ஸ்ல "பதட்டம், ஹார்மோன் மறுத்தார்"னு ஏறிடுச்சு.

கலாச்சாரத்த மதிச்சு பாக்கறதுன்னு எங்களுக்கு ஒரு ஆன்லைன் டிரெய்னிங் இருந்துச்சு, இருபது நிமிஷம், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டினா சர்டிபிகேட். அதுல ஆப்ரிக்கன் அமெரிக்கன் பேஷண்ட்ஸ் கடவுள் நம்பிக்கை உள்ளவங்கன்னு ஒரு வரி, அவ்ளோதான், மெனோபாஸ் பத்தி எதுவுமே இல்ல.

ரெண்டு கேள்வி. இவங்களுக்கு நெஜமாவே ஜாஸ்தி வருஷம் இருக்குமா? அடுத்த வாரம் திரும்ப பிபி செக்கப்புக்கு வர்றாங்க, மனசு நோகாம எப்படி பேச்ச ஆரம்பிக்கறது?

சிகாகோ_மகப்பேறு

நல்ல கேள்விம்மா. நான் இங்க கைனக், அதாவது பெண்கள் டாக்டர், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல்ல உங்க முதல் கேள்வி: ஆமா, இருக்கும். அந்த அம்மா சொன்னதுதான் கரெக்ட், நம்ம பழைய புக்கு தப்பு.

ஸ்வான்னு மெனோபாஸ் பத்தி ஒரு பெரிய ஆய்வு, அமெரிக்காவுல ஏழு ஊர்ல, 1996ல ஆள் சேக்க ஆரம்பிச்சு 3,302 பெண்கள வருஷா வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. ஏழுல ஒண்ணு உங்க மிச்சிகன்தான், இங்க்ஸ்டர், இப்ஸிலாண்டி பக்கம், உங்க கிளினிக்லருந்து கார்ல போற தூரம். அதுலருந்து 2015ல வந்த கணக்கு: ஹாட் ஃப்ளாஷும் (திடீர்னு உடம்பு சூடேறி வேர்க்கறது) ராத்திரி வேர்வையும் எல்லாரையும் சேத்துப் பாத்தா நடுவாந்தரமா 7.4 வருஷம் நீடிக்குது. இனவாரியா பிரிச்சா ஜப்பான் வம்சாவளி பெண்களுக்கு 4.8, சீன வம்சாவளிக்கு 5.4, வெள்ளையர்களுக்கு 6.5, ஹிஸ்பானிக் பெண்களுக்கு 8.9, கறுப்பின பெண்களுக்கு 10.1. இது நடுவாந்தரம்ங்கறத மறக்காதீங்க, பாதிப் பேருக்கு பத்து வருஷத்தையும் தாண்டிப் போகுது. நீங்க ரெண்டு மூணு வருஷம்னு சொன்னப்ப அவங்களுக்கு சிரிப்பு வராம என்ன வரும்.

வருஷம் மட்டும் இல்ல, வர்ற தடவையும் ஜாஸ்தி, தொந்தரவும் ஜாஸ்தி. படிப்பு, வருமானம், எடை, சிகரெட் எல்லாத்தையும் கணக்குல கழிச்ச பிறகும் வித்தியாசம் இருக்கு. ஆனா ஹார்மோன் ட்ரீட்மெண்ட் வாங்கறது வெள்ளையர்கள விட கம்மி. கஷ்டம் யாருக்கு ஜாஸ்தியோ அவங்களுக்கு மருந்து கம்மி, கணக்கு புரியுதா.

இன்னொரு விஷயம், இத நிறைய டாக்டர்களே கவனிக்கறதில்ல. ஸ்வான்ல சேர 42லருந்து 52 வயசுக்குள்ள இருக்கணும், கர்ப்பப்பை இருக்கணும், பீரியட்ஸ் வந்துட்டு இருக்கணும். அப்ப 38, 40லயே கர்ப்பப்பை எடுத்தவங்க, சீக்கிரமே நின்னுபோனவங்க எல்லாம் வாசல்லயே கழிஞ்சுட்டாங்க. கறுப்பின பெண்கள்ல அந்த மாதிரி எடுத்தவங்க ஜாஸ்தி, ஏன்னா ஃபைப்ராய்டு, கர்ப்பப்பைல வர்ற புற்றுநோய் இல்லாத கட்டி. அம்பது வயசுக்குள்ள அவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல ஃபைப்ராய்டு கட்டி வந்திருக்கும், வெள்ளையர்கள்ல 70 கிட்ட, ஆனா இவங்களுக்கு சின்ன வயசுலயே வரும், பெருசா வரும், ரத்தப்போக்கும் ஜாஸ்தி. அதனால ஸ்வான் சொல்றதே குறைச்சுச் சொல்ற கணக்குதான்.

ஏன் இப்படின்னு கேட்டா, மரபணுன்னு ஒரு வார்த்தைல முடிச்சுடாதீங்க. ஆர்லைன் ஜெரோனிமஸ்னு உங்க மிச்சிகன் யூனிவர்சிட்டி புரொபசர், 1992ல வெதரிங்னு ஒரு கருத்த வெச்சாங்க. வெயில்லயும் மழைலயும் கெடந்த கட்டை சீக்கிரம் வெடிச்சுப்போற மாதிரி, வாழ்நாள் பூரா இனப்பாகுபாட்டோட அழுத்தத்துலயே ஓடற உடம்பு முன்னாடியே தேயுதுங்கறாங்க. எனக்கு அது சரின்னுதான் படுது, தினமும் பாக்கறேனே.

ட்ரீட்மெண்ட்: 2002ல ஒரு பெரிய ஹார்மோன் ஆய்வ பாதில நிறுத்தினாங்க, அப்ப டிவில போட்ட பீதி இன்னும் போகல. அதுல இருந்தவங்களோட சராசரி வயசு 63, குடுத்தது அந்தக்கால மாத்திரை, மார்பகப் புற்றுநோய் கூடினது 10,000 பேருக்கு வருஷத்துக்கு 8. அறுபது வயசுக்குக் கீழ, நின்னு பத்து வருஷம் ஆகாதவங்களுக்கு நன்மைதான் பெரும்பாலும் ஜாஸ்தி. பிபி இருந்தா உடனே கூடாதுன்னு இல்ல, முதல்ல பிபிய கட்டுக்குள்ள கொண்டுவரணும், அப்புறம் மாத்திரைக்குப் பதிலா தோல்ல ஒட்டற பேட்ச், ரத்தம் கட்டற ரிஸ்க் அதுல கம்மி. ஹார்மோனே வேண்டாம்னா ஃபெசோலினெடன்ட், 2023ல அனுமதி வந்துச்சு, மூளைல உடம்புச் சூட்ட பாத்துக்கற இடத்துல வேலை செய்யும், ஆனா கல்லீரல் டெஸ்ட் கண்டிப்பா எடுத்துட்டே இருக்கணும், 2024 டிசம்பர்ல அதுக்குக் கடுமையான எச்சரிக்கையே போட்டாங்க.

கடைசியா ஒண்ணு, பிபிய விட முக்கியம். பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டுச்சான்னு நேரா கேளுங்க, சிலருக்கு அது புற்றுநோயோட அறிகுறியா இருக்கலாம். தானா சொல்ல மாட்டாங்க.

சும்மா_ஒரு_டவுட்டு

தப்பா நெனைக்காதீங்க, அமெரிக்கால எதுக்கெடுத்தாலும் இனம் இனம்னு ஏன் கொண்டு வர்றீங்க. மெனோபாஸ் எல்லா பொம்பளைக்கும் தான். எங்க பாட்டி ஹாட் ஃப்ளாஷ்னு ஒரு நாள் படுத்து பாத்ததில்ல. வித்தியாசம்னு எதாவது இருந்தா அது காசு பிரச்சனையா தான் இருக்கும், இன்சூரன்ஸ் இல்லாதவன் எந்தக் கலர்ல இருந்தாலும் கஷ்டம் தான்.

டர்ஹம்_மருமக

பாட்டி படுத்ததில்லன்னா படுக்க விடலன்னு அர்த்தம் தம்பி, வரலன்னு அர்த்தம் இல்ல. பாட்டி வீட்டுக் கொல்லைல நின்னு முந்தானைய விசிறிக்கிட்டு நின்னது உங்க கண்ணுல பட்டிருக்காது. காசுன்னு சொல்றீங்க, ஓப்ரா வின்ஃப்ரேக்கு காசு இல்லையா? 48 வயசுல நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு அஞ்சு டாக்டர் கிட்ட போனாங்க, ஒருத்தர் வாயிலருந்தும் மெனோபாஸ்ங்கற வார்த்தை வரலன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

நர்ஸ் அக்கா, நான் கல்யாணமாகி வந்தது கறுப்பினக் குடும்பத்துக்கு, நார்த் கரோலினால டர்ஹம். என் மாமியாருக்கு 76, சொந்த ஊர் மிசிசிப்பில கிரீன்வுட். அவங்கள நான் "மாமா"ன்னு கூப்பிடறேன், இங்க அம்மாவுக்கு அதான் பேரு, எங்கப்பா ஃபோன்ல கேட்டுட்டு ஒரு வருஷம் சிரிச்சார். உங்க போஸ்ட்ட அவங்களுக்கு மொழிபெயர்த்து சொன்னேன். விசிறி வந்ததும் "சர்ச் ஃபேன்"னு அவங்களே சொல்லிட்டாங்க, இந்தப் பக்கத்து சர்ச்சுல ஒவ்வொரு பெஞ்சு முதுகுலயும் சொருகி இருக்கும். "ஞாயித்துக்கிழமை பாட்டுக் குழுவுல அல்டோ வரிசைல பாதி பேர் வீசிக்கிட்டுத்தான் பாடுவோம், பரிசுத்த ஆவி இறங்கிருச்சுன்னு பாஸ்டர் நெனச்சுப்பார்"ன்னாங்க.

அவங்க காலத்துல மெனோபாஸ்ங்கற வார்த்தையே கெடையாது. "தி சேஞ்ச்", இல்லன்னா "எனக்குன்னு தனியா ஒரு கோடை காலம்"பாங்க. என் நாத்தனாருக்கு 49, இப்ப அவங்களுக்கு நடக்குது, சமையக்கட்டுல ஃப்ரீஸர் கதவத் தொறந்து தலைய உள்ள விட்டுட்டு நிப்பாங்க, பசங்களுக்கு வேடிக்கை. ஆனா அவங்க அழுதது எதுக்கு தெரியுமா, முடிக்கு. சலூன்ல மூணு மணி நேரம் ஒக்காந்து பணம் குடுத்து நீட்டிவிட்ட முடி, ஒரே ராத்திரி வேர்வைல சுருண்டு போச்சு, காலைல ஆபீஸ்ல மீட்டிங். சாட்டின் தொப்பி போட்டுப் படுத்தா முடி தப்பிக்கும், ஆனா அந்தத் தொப்பிக்குள்ள இன்னும் சூடு. இத எந்த டாக்டரும் ஒரு அறிகுறியா எழுதமாட்டாங்க. அந்த அம்மா உங்க முன்னாடி விக்கைக் கழட்டினாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத படிச்சப்ப மாமா "அய்யோ"ன்னாங்க. வெளி ஆள் முன்னாடி அத யாரும் செய்யமாட்டாங்க அக்கா. உங்கள நம்பித்தான் கழட்டியிருக்காங்க, அதுக்கு அடுத்த நிமிஷம் நீங்க "பொறுத்துக்கணும்"னு சொல்லிட்டீங்க.

அந்த வார்த்தை ஏன் குத்துச்சுன்னா, பிறந்ததுலருந்து அவங்க கேக்கற வார்த்தை அது. பலமான பொம்பளை, எதையும் தாங்குவா, அழமாட்டா. அப்ப இங்க பக்கத்துல சேப்பல் ஹில்ல இருந்த ஷெரில் உட்ஸ்-கிஸ்கோம்பேன்னு ஒரு நர்ஸ் புரொபசர், நம்ம நர்ஸ் ஜாதி தான் அக்கா, 2010ல இதப் பத்தி எழுதினாங்க, சூப்பர்வுமன்னு பேர் வெச்சாங்க. உதவி கேட்டா மானம் போச்சுன்னு வளந்த பெண்கள் உடம்புல அது எப்படி இறங்குதுன்னு.

"எங்கம்மாவ என்ன பண்ணாங்கன்னு தெரியும்"னு சொன்னாங்களே, அதுக்கு மாமா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் ஃபேனி லூ ஹேமர் பேர சொன்னாங்க. மிசிசிப்பில பருத்தி எடுத்துட்டு இருந்தவங்க, பின்னாடி ஓட்டுரிமைப் போராட்டத்துல பெரிய தலைவர். 1961ல ஒரு கட்டிய எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, கேக்காமலே கர்ப்பப்பையையும் சேத்து எடுத்துட்டாங்க. அப்ப இது அவ்ளோ சகஜம், மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்னு கிண்டலா ஒரு பேரே இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி 1840கள்ல அலபாமா மாண்ட்காமரில ஜே. மரியான் சிம்ஸ்னு ஒரு டாக்டர், அனார்க்கா, பெட்ஸி, லூஸின்னு அடிமைப் பெண்கள மயக்க மருந்தே குடுக்காம திரும்பத் திரும்ப ஆபரேஷன் பண்ணி கத்துக்கிட்டான். அந்த ஆளுக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல சிலை இருந்துச்சு, 2018ல தான் எடுத்தாங்க. டெட்ராய்ட்ல இருக்கற பாதி குடும்பம் தெற்கு மாநிலங்கள்லருந்து வேலை தேடிப் போனவங்க, இந்தக் கதையெல்லாம் வீட்டோட போயிருக்கும். அந்த அம்மாவோட அம்மாவுக்கு இதுதான் நடந்துச்சுன்னு நான் சொல்லல, ஆனா "ஹார்மோன் மறுத்தார்"னு டைப் பண்ணினவர் என்ன நடந்துச்சுன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஒரு சின்ன விஷயம், ஆனா பெருசு. அவங்கள எப்படிக் கூப்பிட்டீங்க? கிளினிக்ல எல்லாம் முதல் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, தெரியும். ஆனா தெற்குல வெள்ளைக்காரங்க கறுப்பின பெண்கள என்ன வயசானாலும் முதல் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, மிஸ், மிஸஸ் எல்லாம் வெள்ளைக்காரிக்கு மட்டும். மேரி ஹாமில்டன்னு ஒருத்தங்க அலபாமா கோர்ட்ல "மிஸ் ஹாமில்டன்னு கூப்பிட்டாத்தான் பதில் சொல்வேன்"னு நின்னு அபராதம் போட்டு ஜெயிலுக்கும் அனுப்பினாங்க, 1964ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி ஜெயிச்சாங்க. நம்மள ஒருத்தன் வா போன்னு பேசினா எப்படி சுருக்குங்கும், அப்படித்தான். மிஸஸ் போட்டு குடும்பப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, அவங்களே வேண்டாம்னா விடுங்க.

குரொய்டன்_அக்கா

தங்கச்சி, நான் இஞ்ச லண்டனில, குரொய்டன் பக்கம் ஒரு ஜீபி சேர்ஜரியில (குடும்ப டொக்டர் கிளினிக்) வேலை செய்யிறன். சொந்த இடம் பருத்தித்துறை. எங்களிட்ட வாறவையில கனபேர் கறுப்பின ஆக்கள்தான், ஆனா அமெரிக்கா மாதிரி இல்லை. ஜமேக்காவில இருந்து அறுபதுகளில வந்த குடும்பங்கள் ஒரு பக்கம், கானா, நைஜீரியா, சோமாலியாவில இருந்து பிறகு வந்தவை இன்னொரு பக்கம், ஒருவரை மாதிரி மற்றவர் கதைக்கவே மாட்டினம். ஆனபடியா மேல எழுதினது எல்லாத்தையும் கறுப்பு எண்டு ஒரு பெட்டிக்க போட்டு எல்லாருக்கும் பொருத்திப் பாக்காதேங்கோ. எங்களை எல்லாரும் இந்தியன் எண்டு சொல்லேக்க எங்களுக்கு எப்பிடி இருக்கும், யோசிச்சுப் பாருங்கோ.

நான் கண்ட ஒரு விசயம். எங்கட வெயிட்டிங் ரூமில இருந்த மெனோபாஸ் துண்டுப்பிரசுரத்தில நரைச்ச தலையோட ஒரு வெள்ளைக்கார அம்மா ஜன்னலுக்கு வெளியால பாத்துக்கொண்டு நிப்பா. உள்ளுக்க "முகமும் கழுத்தும் சிவந்து போகும்" எண்டு கிடக்கும். கறுத்தத் தோலில சிவப்புத் தெரியுமே? ஒரு ஜமேக்கன் அம்மா அதை வாசிச்சுப்போட்டு, "எனக்குச் சிவக்கேல்லை, அப்ப இது அது இல்லைத்தானே" எண்டு கேட்டவ. நாலு வருசமா நித்திரை இல்லை அவவுக்கு. சிவக்குதோ எண்டு கேக்காமல், நெஞ்சுக்குள்ளயிருந்து சூடு ஏறுதோ, வேர்த்துப்போட்டுக் குளிருதோ, இரவில உடுப்பு மாத்திறீங்களோ எண்டு கேக்கவேணும். மூட்டு நோவு, மறதி, படபடப்பு, இதுகளையும் சேத்துக் கேளுங்கோ. கேரன் ஆர்தர் எண்டு இஞ்ச ஒருத்தி, முந்தி டீச்சரா இருந்தவ, தன்னைப்போல ஒரு முகத்தை இந்தப் படங்களில காணேல்லை எண்டுதான் 2020ல கறுப்பினப் பெண்களின்ர மெனோபாஸ் கதைகளை ஒலிப்பதிவு செய்து போடத் தொடங்கினவ.

இன்னொண்டு. வீட்டில என்ன குடிக்கிறியள் எண்டு கேளுங்கோ, ஆனா குற்றம் கண்டுபிடிக்கிற மாதிரிக் கேக்கக்கூடாது. எங்கட ஜமேக்கன் அம்மாமார் செரஸி எண்டு ஒரு தேத்தண்ணி குடிப்பினம், உடம்பைச் சுத்தம் செய்யும் எண்டு. ஒருநாள் ஒருத்தி காய்ஞ்ச கொடியைக் கொண்டுவந்து காட்டினா, மணத்திப் பாத்தா எங்கட பாவல் (பாகல்)! காட்டுப் பாவற்கொடிதான் அது. நான் "இதை நாங்கள் கறி வைப்பம்" எண்டு சொன்ன உடன விழுந்து விழுந்து சிரிச்சு, அதுக்குப் பிறகுதான் தன்ர சீனி மாத்திரையை ஒழுங்கா எடுக்கிறேல்லை எண்ட கதையே வெளியால வந்தது. பாவல் சீனியைக் குறைக்கும், மாத்திரையோட சேந்தா இன்னும் குறைக்கும், டொக்டருக்குத் தெரியவேணும்.

மன்னிப்புக் கேக்கிறதெண்டா சுருக்கமாக் கேளுங்கோ. நீங்கள் அழுது அவ உங்களைத் தேற்றிற நிலைமைக்குக் கொண்டுபோகாதேங்கோ.

டெட்ராய்ட்_நர்ஸ்

எல்லாருக்கும் தேங்க்ஸ். நேத்து வந்தாங்க, அப்டேட் சொல்றேன்.

முதல்ல மிஸஸ் போட்டு குடும்பப் பேர் சொல்லி கூப்பிட்டேன், வெயிட்டிங் ரூம்ல தலைய தூக்கிப் பாத்தாங்க. உள்ள வந்ததும் "போன தடவை ரெண்டு மூணு வருஷம்னு சொன்னேன், தப்பு, பத்து வருஷத்தையும் தாண்டிப் போகலாம்னு ஆய்வே இருக்கு, பொறுத்துக்கோங்கன்னு சொன்னதும் தப்பு"ன்னேன். குரொய்டன் அக்கா சொன்ன மாதிரி அதோட நிறுத்திட்டேன், அழுகை தொண்டை வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அவங்க "ம்ம்"னாங்க. அவ்ளோதான். ஒண்ணும் கட்டிப்பிடிக்கல, சினிமா மாதிரியெல்லாம் இல்ல.

அப்புறம் அட்டவணைல இருக்கற கேள்விய விட்டுட்டு, ராத்திரி எப்படிப் போகுதுன்னு மட்டும் கேட்டேன். பதினஞ்சு நிமிஷம் பேசினாங்க. கட்டில்ல ரெண்டு பெட்ஷீட் மடிச்சு பக்கத்துலயே வெச்சிருப்பாங்களாம், ரெண்டு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. அஞ்சரைக்கு எழுந்து வேலைக்கு பஸ். தூக்கம் இல்லாம பிபி எப்படி இறங்கும் சொல்லுங்க, பிபி மாத்திரையையும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டிருக்காங்க, ராத்திரி பாத்ரூம் போக வெக்குதுன்னு. அம்மா கதையையும் அவங்களே சொன்னாங்க, இங்க எழுத மாட்டேன். டர்ஹம் தங்கச்சி சொன்னதுக்கு ரொம்ப தூரம் இல்ல. பேட்ச் பத்தி சொன்னேன், வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல, பொண்ண கூட்டிட்டு வந்து டாக்டர்கிட்ட பேசறேன்னாங்க. நோட்ஸ்ல "பதட்டம்"னு இருந்தது அவங்களுக்கு ஆன்லைன்ல தெரிஞ்சிருக்கு, அதக் காட்டி "இது நான் சொன்ன வார்த்தை இல்ல"ன்னாங்க. இந்தத் தடவை அவங்க சொன்னத சொன்ன வார்த்தைலயே டைப் பண்ணி படிச்சுக் காட்டினேன், ஒரு இடத்துல நிறுத்தி "மூணு இல்ல, நாலு தடவை"ன்னு திருத்தினாங்க.

டாக்டரம்மா, நீங்க சொன்ன கேள்விய கேட்டேன். ரெண்டு மாசம் முன்னாடி ரத்தம் பட்டுச்சாம், லேசா, ரெண்டு நாள். "திரும்ப வந்துருச்சு போலன்னு நெனச்சேன், யாரும் கேக்கல"ன்னாங்க. எனக்கு கை சில்லுனு ஆயிருச்சு. உள்ள டாக்டர்கிட்ட சொன்னேன், முதல்ல ஸ்கேன் மட்டும் போதும்னாங்க, நான் அந்த அம்மாவுக்கு முன்னாடி ஃபைப்ராய்டு இருந்தது பத்தி சொல்லி கொஞ்சம் அழுத்திக் கேட்டேன், இப்ப கைனக் கிட்ட வியாழக்கிழமை பயாப்ஸிக்கு (கர்ப்பப்பை உள்சவ்வுல கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்றது) நாள் குடுத்திருக்காங்க. அவங்களுக்கு பயம், வலிக்குமான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. என்ன சொல்லி அனுப்பறது?

சிகாகோ_மகப்பேறு

அழுத்திக் கேட்டது ரொம்ப சரி. இந்த விஷயத்துல ஸ்கேன மட்டும் நம்பக்கூடாது. சியாட்டில்ல கெமி டால்னு கறுப்பின கைனக் புற்றுநோய் டாக்டர், அவங்க குழு 2024ல வெளியிட்டது: கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் இருந்த கறுப்பின பெண்களோட ஸ்கேன எடுத்துப் பாத்தா பத்துல ஒருத்தருக்கு மேல சவ்வு 5 மில்லிமீட்டர் கூட இல்ல, அதாவது ஸ்கேன்ல பயப்பட ஒண்ணும் இல்லன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. ஃபைப்ராய்டு இருந்தா சவ்வு சரியா தெரியவும் தெரியாது. இந்தப் புற்றுநோய்ல அவங்க சாகற விகிதம் வெள்ளையர்கள மாதிரி ரெண்டு மடங்கு, லேட்டா கண்டுபிடிக்கறது அதுக்கு ஒரு பெரிய காரணம். இப்படி ரத்தம் படற எல்லாருக்கும் புற்றுநோய் இல்ல, பெரும்பாலானவங்களுக்கு வேற சாதாரண காரணம்தான், அதையும் சேத்து சொல்லுங்க, இல்லன்னா வியாழன் வரைக்கும் அந்தம்மா தூங்கமாட்டாங்க. ஏற்கெனவே தூக்கம் இல்ல.

வலி இருக்காதுன்னு மட்டும் பொய் சொல்லாதீங்க. மெல்லிசா ஸ்ட்ரா மாதிரி ஒரு குழாய், ரெண்டு மூணு நிமிஷம், சிலருக்கு பீரியட்ஸ் வலி மாதிரி, சிலருக்கு நல்லாவே வலிக்கும். கர்ப்பப்பை வாய்ல மரத்துப்போற ஊசி போடலாம், ஆனா கேட்டாத்தான் கெடைக்கும் நிறைய இடத்துல, அதனால முன்னாடியே ஃபோன் பண்ணி கேக்கச் சொல்லுங்க. முன்னாடி போட்டுக்கற வலி மாத்திரைய பிபி இருக்கறதால டாக்டர கேட்டுட்டு போடட்டும். இவங்க விஷயத்துல நான் ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, 2016ல வர்ஜீனியா யூனிவர்சிட்டில வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்டப்ப பாதிப் பேர் கறுப்பினத்தவங்களுக்கு தோல் தடிமன், நரம்பு அவ்ளோ உணராதுங்கற மாதிரி தப்பான நம்பிக்கைல ஏதாவது ஒண்ண சரின்னு டிக் பண்ணாங்க, அப்படி நம்பினவங்க வலியவும் குறைச்சுத்தான் மதிப்பிட்டாங்க. "போதும், நிறுத்துங்க"ன்னு சொன்னா நிறுத்தணும்னு முதல்லயே அந்த டாக்டர்கிட்ட பேசி வெச்சுக்கச் சொல்லுங்க. பொண்ணு கூட போறது நல்லது.

டெட்ராய்ட்_நர்ஸ்

சரி டாக்டர், நாளைக்கு காலைல அவங்களுக்கு ஃபோன் பண்றேன். வியாழக்கிழமை எனக்கு லீவு நாள்தான், கூட வரட்டுமான்னு கேட்டுப் பாக்கறேன், வேண்டாம்னா விட்டுடறேன்.

டர்ஹம்_மருமக

மாமா சொல்லச் சொன்னாங்க: அந்த ஆஸ்பத்திரி ரூம்ல குளிரும், ஆனாலும் விசிறிய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.